லாங் ரன் நில அளவைச் சீட்டும் கேப்டன் ஆபிரகாம் லிங்கனின் இறப்பாண்டும்

அமெரிக்க அதிபர் லிங்கனின் தந்தைவழிப் பாட்டனார் கேப்டன் ஆபிரகாம் லிங்கன். கென்டக்கியில் தம் மூன்று மகன்களுடன் காட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பூர்வகுடியினரின் துப்பாக்கிச் சூட்டில் அவர் 1784இல் இறந்ததாக ஜான் நிக்கலேயும் ஜான் ஹேயும் 1890இல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட வரலாறு கூறுகிறது. இருவரும் அதிபரின் செயலர்களாகப் பணியாற்றியவர்கள். ஆனால் அவர்களுக்கு ஆதாரம் லிங்கனின் சொல்தான். அந்தச் சொல்லோ ஒருபடித்தானது அன்று. 1859இல் எழுதிய குறிப்பில், பாட்டனார் 1781 அல்லது 1782 வாக்கில் கென்டக்கிக்கு வந்ததாகவும், ஓரிரு ஆண்டுகளில் கொல்லப்பட்டதாகவும் லிங்கன் சொல்கிறார். 1860ஆம் ஆண்டுக் குறிப்பில் ‘ஏறத்தாழ 1784’ என்கிறார். செயலர்கள் அந்த ‘ஏறத்தாழ’வை நீக்கிவிட்டார்கள். லிங்கன் அறிந்ததெல்லாம் வீட்டில் கேட்டது. கேப்டன் இறந்தபோது சிறுவனாக இருந்த அவர் மகனும் அதிபரின் தந்தையுமான தாமஸின் நினைவே அதன் ஊற்று. தந்தை விழுந்த காட்சியைச் சிறுவன் மறந்திருக்க மாட்டான். ஆனால் எந்த ஆண்டு என்பதை அவன் நினைவு காத்துத் தரும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது.

நிலப் பதிவுகள் வேறு கதை சொல்கின்றன. வர்ஜீனியாவின் லின்வில் ஓடைக்கரையில் இருந்த நிலத்தை ஆபிரகாமும் மனைவி பாத்ஷீபாவும் 1780 பிப்ரவரி 18இல் 5,000 பவுண்டுக்கு விற்றனர். போர்க்காலத்தில் மதிப்பிழந்த காகிதப் பணத்தில் குறிக்கப்பட்ட தொகை அது. பதினைந்தே நாளில், மார்ச் 4இல், ‘ஆபிரகாம் லிங்க்ஹார்ன்’ என்பவர் 160 பவுண்டு செலுத்தி 400 ஏக்கருக்கான நில உரிமை தரும் 3334ஆம் எண் கருவூல வாரண்டைப் பெறுகிறார். லிங்க்ஹார்ன் வேறொருவர் என்று வாதிட இடமுண்டு. ஆனால் விற்பனையும் வாங்கலும் இவ்வளவு நெருங்கி அமைந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ள முடியவில்லை. காதில் விழுந்தபடி பெயரை எழுதிய எழுத்தர்களின் காலம் அது.

அந்த வாரண்டின்படி லாங் ரன் ஓடையருகே நிலம் அளக்கப்பட்ட நாள் 1785 மே 7. அந்த அளவைச் சீட்டின் உடல் நான்கெல்லையைச் சொல்கிறது. என் வாதம் நிற்பது அதன் அடியில் உள்ள பெயர்களில். அளவுச் சங்கிலி பிடித்தவர்கள் அனனையா லிங்கன், ஜோசையா லிங்கன். எல்லை மரங்களில் அடையாளம் இட்டவர் ஆபிரகாம் லிங்க்ஹார்ன். உரிமையாளர் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே நிலத்தை அளக்கலாம் என்பது நியாயமான மறுப்பு. எனவே யாருக்காக அளந்தார்கள் என்ற வரியை நான் சான்றாகக் கொள்ளவில்லை. ஆனால் அடையாளம் இடுவது உடலுழைப்பு. இறந்தவர் கோடரி பிடித்து மரத்தைக் கொத்த முடியாது. ஒரே சீட்டில் உறவினர்கள் ‘லிங்கன்’ என்றும் அவர் ‘லிங்க்ஹார்ன்’ என்றும் இருப்பது, இரண்டும் ஒரே குடும்பப் பெயரின் வடிவங்கள் என்ற கருத்தை வலுவாக்குகிறது. அடையாளம் இட்டவர் அதே பெயருடைய வேறோர் உறவினர் என்று கொள்ளலாமே என்றால், அப்படி ஒருவர் அங்கே இருந்தார் என்று காட்டும் பொறுப்பு அதைச் சொல்பவருடையது. ஜோசையாவைப் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. அவர் கேப்டனின் இரண்டாம் மகன் என்றால், 1773இல் பிறந்த அச்சிறுவனுக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ வயதுதான் இருக்கும். சங்கிலி பிடித்தவன் அவனா, பெரியவர் ஒருவரா என்பதை இச்சீட்டை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

ஆக, காலத்தின் கீழெல்லை 1785 மே 7. மேலெல்லைக்கான சான்று இதைவிட மெலிந்தது. எனினும் அதைப் புறக்கணிக்கலாகாது. மூத்த மகன் மோர்டெக்காய்க்கே நிலம் முழுதும் போனது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. மூத்தவனுக்கே சொத்து என்ற பழைய முறையை நீக்கி வர்ஜீனியா 1785இல் இயற்றிய சட்டம், 1787 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு கேப்டன் இறந்திருந்தால் தாமஸுக்கும் ஜோசையாவுக்கும் பங்கு சேர்ந்திருக்க வேண்டும். தம்பிகள் சிறுவர்கள், அண்ணன் எடுத்துக்கொண்டார், யாரும் கேட்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் புதிய உரிமையைத் தம்பிகள் இருவரும் வளர்ந்த பின்னும் கோராமல் விட்டார்கள் என்று கொள்வதைவிட, உரிமையே பிறக்கவில்லை என்று கொள்வது எளிது. நெல்சன் கவுண்டி நீதிமன்றம் 1788 அக்டோபரில்தான் சொத்து நிர்வாகியை நியமித்தது என்பதை வைத்து இறப்பைப் பின்னே தள்ளுவது பொருந்தாது. குடும்பம் இடம்பெயர்ந்திருந்த எல்லைப்புறத்தில் இரண்டாண்டுத் தாமதம் வியப்புக்குரியது அன்று.

பிற்கால நூல்கள் தரும் 1786 மே என்ற தேதி இந்த இரு எல்லைகளுக்குள் அடங்குகிறது. ஆண்டை ஏற்பதில் எனக்குத் தடையில்லை. மாதத்தை நிலப் பதிவுகள் தருவதில்லை. 1785இன் பிற்பாதியையும் அவை விலக்கவில்லை.