கமுதி டு லண்டன்

கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் 1897 மே மாதம் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். அவ்வளவுதான்! உள்ளே போக அவர்களுக்கு உரிமையில்லை என்று ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். கோயிலைச் சுத்தி செய்யும் செலவையும் சேர்த்துக் கேட்டார். ஆமாம், விவேகானந்தர் சிகாகோ போக உதவிய அதே சேதுபதிதான்!

1899-ல் மதுரை கோர்ட், 1901-ல் சென்னை உயர் நீதிமன்றம், 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில்... மூன்று இடத்திலும் நாடார்களுக்குத் தோல்வி.

இதையெல்லாம் படிக்க லண்டன் போகணுமா என்ன? நூலகத்தில் இணையம் உள்ள ஒரு கம்ப்யூட்டர் போதும். 'இந்தியன் கானூன்' மாதிரி இலவசத் தளங்களில் பிரிவி கவுன்சில் தீர்ப்புகளையும் தேடலாம். ஆனால், ஒரு சூட்சுமம். வழக்கின் பெயரில் 'கமுதி' கிடையாது, 'நாடார்' கிடையாது, 'சேதுபதி'யும் கிடையாது! 'சங்கரலிங்க நாடன் எதிர் ராஜ ராஜேஸ்வர துரை' என்பதுதான் பெயர். (1903-ல் பாஸ்கர சேதுபதி காலமாகிவிட்டார். துரை, அவர் மகன்.) ஊர்ப் பெயரைக்கூட வெள்ளைக்காரர்கள் 'கமுடி' என்று படிக்கிற மாதிரிதான் எழுதினார்கள். ஆக, பழைய ஆவணம் தேடுகிறவர் பழைய ஸ்பெல்லிங்கில் தேடணும்!

1939-ல் வைத்தியநாத ஐயரோடு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போன குழுவில் ஒரு நாடாரும் இருந்தார். கதவு திறந்துவிட்டது. ஆனால், என்ன காரணம் சொல்லி அதை மூடி வைத்திருந்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ளவாவது அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள்!