கருக்கரிவாளும் பாளை அரிவாளும் – வெள்ளத்தில் எந்தக் கத்தி கை கொடுக்கும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தாமிரபரணி இரு கரையும் புரண்டு ஓடியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று போய், நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாட்கள் தவித்தார்கள். தேசிய பேரிடர் மீட்புப் படை, ராணுவம், விமானப்படை ஹெலிகாப்டர், மீனவர்களின் படகுகள் என்று எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் பலர் கரையேறினார்கள்.

இப்படிப்பட்ட மீட்பு வேலையில் படகு, கயிறு, மிதவை உடை ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் பேசாத ஒரு பொருள் உண்டு. அதுதான் கத்தி! தொழுவத்தில் கட்டிய மாட்டின் கயிறு தண்ணீரில் ஊறி முடிச்சு இறுகிவிட்டால் கையால் அவிழ்க்க முடியாது. படகின் விசிறியில் நைலான் வலை சுற்றிக்கொண்டால் படகு நின்றுவிடும். கவிழ்ந்த காருக்குள் இருப்பவரை சீட் பெல்ட்டை அறுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். எல்லாமே சில நொடி வேலை. அந்த நொடியில் கத்தி வழுக்கினால் ஓர் உயிர் போய்விடும்.

மீட்புப் பணியாளர்கள் நடுவில் இதைப் பற்றி ஒரு பழைய வாக்குவாதம் இருக்கிறது. கத்தியின் வாய் வழுவழுப்பாக இருக்க வேண்டுமா, ரம்பம் போலப் பல் வைத்து இருக்க வேண்டுமா? இது ஏதோ வெளிநாட்டுக் கத்திக் கடைகளில் பிறந்த கேள்வி என்று தோன்றலாம். உண்மையில் தாமிரபரணிக் கரை ஆட்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.

இரும்பின் பழைய ஊர்:

ஆற்றின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானிய அறிஞர் யாகோர் இங்கே முதலில் தோண்டினார். அவருக்குப் பின் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ பெரிய அளவில் அகழாய்வு செய்தார். முதுமக்கள் தாழிகளோடு வாள், ஈட்டி, கத்தி என ஏராளமான இரும்புப் பொருட்கள் கிடைத்தன. வடகரைப் பக்கம் உள்ள சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழக அரசின் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆக, இரும்பில் வாய் தீட்டுகிற தொழில் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

கருக்கு என்றால் என்ன?

பனை மட்டையின் இரண்டு ஓரங்களிலும் கறுப்பாக, ரம்பம் போல முள் வரிசை இருக்கும். அதற்குப் பெயர் கருக்கு. கவனமில்லாமல் இழுத்தால் கையைக் கிழித்துவிடும். எழுத்தாளர் பாமா 1992-இல் வெளிவந்த தன் நூலுக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார். இதே போலப் பல் வைத்த கதிர் அரிவாளுக்கும் கருக்கரிவாள் என்றே பெயர்.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கால்வாய்களில் கார், பிசானம் என்று நெல் விளையும். அறுவடையில் இடது கையால் கதிர்களைக் கொத்தாகப் பிடித்து, வலது கை அரிவாளைத் தன் பக்கமாக இழுப்பார்கள். வழுவழுப்பான வாய் என்றால் தாளின் மேல் சறுக்கும். அதை ஓங்கி வெட்டினாலோ முற்றிய நெல் உதிர்ந்துவிடும். பல் இருந்தால் ஒவ்வொரு பல்லும் சில தாள்களைக் கவ்விப் பிடித்து அறுக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நெல் தாளில் சிலிக்கா அதிகம். மணலில் இருக்கும் அதே பொருள்தான். அது வழுவழுப்பான வாயைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும். பல் வைத்த வாயில் நுனிகள் தேய்ந்தாலும் பள்ளங்களின் கூர்மை தப்பிவிடும்.

இந்த யோசனை உலகத்துக்கே பழையது. ஜோர்டான் நதிப் பள்ளத்தாக்கில் 8000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த விவசாயிகள் சிக்கிமுக்கிக் கல்லிலேயே பல் வெட்டி அரிவாளில் பதித்தார்கள். இன்றைக்கு வயலில் இறங்கும் அறுவடை இயந்திரத்தின் வெட்டுத் தகடுகளைப் பார்த்தாலும் ஓரத்தில் சின்னச் சின்னப் பல் இருக்கும். அரிவாள் போய்விட்டது, கருக்கு போகவில்லை!

பல் உதவாத இடம்:

அதே பனையின் உச்சியில் கதை நேர் எதிர். திருச்செந்தூர், உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டில் பதநீர் இறக்குபவர் இடுப்பில் இருப்பது பாளை அரிவாள். அதில் பல்லே கிடையாது. பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் சொட்டும். பல் வைத்த அரிவாளால் சீவினால் பாளை பிய்ந்து நார் கசங்கி ஊற்று அடைபட்டுவிடும். சவரக் கத்தி போன்ற வாய்தான் வேண்டும்.

பத்தமடையிலும் இதே கதைதான். புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பட்டுப்பாய்க்கு ஆற்றங்கரைக் கோரையை நூல் போலப் பிளந்தாக வேண்டும். அங்கே பல்லுக்கு வேலையே இல்லை.

ஆக, இந்த வட்டாரத்தில் "எது நல்ல அரிவாள்?" என்று கேட்டால் "எதை அறுக்கப் போற?" என்ற எதிர்க் கேள்விதான் வரும்.

யார் தீட்டுவது?

இதற்குள்ளே இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. பனையேறி தன் அரிவாளைத் தினமும் தீட்டுவார். அது அவருடைய தொழிலில் பாதி. அதனால் வழுவழுப்பான வாய் எப்போதும் கூர்மையாக இருக்கும். கருக்கரிவாளை அப்படிக் கண்ட கல்லில் தீட்ட முடியாது. தேய்த்தால் பல் போய்விடும். கொல்லர் பட்டறைக்குக் கொண்டுபோய் உளியால் மறுபடியும் பல் வெட்டித்தான் வாங்க வேண்டும். ஆனால் ஒருமுறை வெட்டினால் அந்த அறுப்புக்காலம் தாங்கும்.

சுருக்கமாகச் சொன்னால், வழுவழுப்பான வாய்க்கு தினமும் ஆள் வேண்டும். பல் வாய்க்கு எப்போதாவது ஒரு கொல்லர் போதும்.

கயிறு மாறியது, கத்தியும் மாறியது:

முன்பு கட்டுக்கயிறு என்றால் தென்னை நாரும் பனை நாரும்தான். மீன் வலை பருத்தி நூலில் இருந்தது. கடலோடிகளின் கத்திகள் பெரும்பாலும் பல் இல்லாதவை. கப்பலிலேயே ஒரு கல்லில் தீட்டிக்கொள்ளலாம் என்பதால் அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ஆடும் கப்பலில் யாரையும் குத்திவிடக் கூடாது என்று அவற்றின் முனையையும் மழுக்கியே செய்தார்கள்.

1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் நைலான் பிறந்தது. 1960களுக்குள் தமிழகக் கடற்கரையிலும் நைலான் வலை பரவியது. 1959-இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டு வந்தார். இந்தியாவில் 1994-க்குப் பின் வந்த கார்களின் முன் இருக்கைகளில் பெல்ட் கட்டாயமானது. இந்தச் செயற்கை இழைகள் வழுக்கும், எளிதில் அறுபடாது. தொய்ந்து கிடக்கும் ஈரக் கயிற்றில் சற்றே மழுங்கிய வழுவழுப்பான கத்தி சறுக்கிக்கொண்டே போகும். பல் வைத்த கத்தியோ நெல் தாளைப் போலவே அதையும் கவ்வும். 1980களில் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ போன்ற நிறுவனங்கள் பல் வைத்த மடக்குக் கத்திகளைப் பரப்பியதற்கு இதுவே காரணம்.

ஆனால் பல்லுக்கு ஒரு ஆபத்தும் உண்டு. அது கயிறு எது, சேலை எது, தோல் எது என்று பார்க்காது. எல்லாவற்றையும் கவ்வும். ஆள் உடம்பை ஒட்டி அறுக்க வேண்டுமென்றால் முனை மழுங்கிய கத்தியோ, வாய் உள்ளே ஒளிந்திருக்கும் கொக்கிக் கத்தியோதான் பாதுகாப்பு. பாரம் இழுத்து விறைத்து நிற்கும் கயிற்றை அறுக்க கூரான வழுவழுப்பான வாயே போதும், தொட்டாலே தெறிக்கும். முக்குளிப்பவர்களுக்கான பல கத்திகளில் ஒரு பக்கம் பல்லும் மறுபக்கம் வழுவழுப்பும் இருப்பது இதனால்தான்.

அப்படியானால் எது?

தாமிரபரணியில் 1992 நவம்பரில் ஒரு பெருவெள்ளம் வந்தது. ஊரே அதை வைத்துத்தான் காலக்கணக்குச் சொல்லும். அதை நினைவுபடுத்தும் அளவுக்கு அடுத்த வெள்ளம் வந்தது 2023-இல். நடுவில் 31 ஆண்டுகள். அத்தனை காலம் ஒரு கத்தி பஞ்சாயத்து அலுவலகத்திலோ படகுக் கொட்டகையிலோ கிடந்தால் என்ன ஆகும்? யாராவது இளநீர் சீவியிருப்பார்கள், சாக்கு பிரித்திருப்பார்கள். துரு ஏறியிருக்கும். தீட்டியிருப்பார்கள் என்று சொல்லவே முடியாது.

தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4-வது பிரிவு அரக்கோணத்தில் இருக்கிறது. அவர்களைப் போல எப்போதும் பயிற்சியில் இருப்பவர்கள் பனையேறியைப் போன்றவர்கள். ஆயுதத்தைத் தங்கள் கையாலேயே பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வழுவழுப்பான வாயும் நன்றாகவே உழைக்கும். ஆனால் அரக்கோணத்தில் இருந்து ஸ்ரீவைகுண்டம் வருவதற்குள் முதல் நாள் முடிந்துவிடும். அந்த முதல் நாளில் தண்ணீரில் இறங்குவது பக்கத்துத் தெரு ஆளும் மீனவரும்தான். அவர்கள் கைக்குக் கிடைப்பது பல வருடம் தீட்டாத கத்தி.

அதனால் ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு கத்தி வாங்கி வைப்பதானால் முனை மழுங்கிய, பல் வைத்த கத்தியே சரி. மழுங்கிய பிறகும் அறுக்கும் குணம் அதற்குத்தான் உண்டு. அதை எண்ணெய் தடவி, உறையில் போட்டு, மிதவை உடையோடு சேர்த்தே கட்டி வைக்க வேண்டும். வேறு எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது. வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு பழைய நைலான் கயிற்றை நனைத்து அறுத்துப் பார்க்க வேண்டும். அறுபடவில்லை என்றால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

கருக்கரிவாள் வைத்திருந்தவர் அறுப்புக்கு முன்பே கொல்லர் பட்டறைக்குப் போய்விடுவார். கதிர் சாய்ந்த பிறகு பல் வெட்டக் கிளம்பியவர் யாரும் இல்லை. வெள்ளத்துக்கும் அந்தப் பழக்கம்தான் வேண்டும்.