ஒரு சாதாரணச் சிப்பாய்

தளபதிகளைச் சரித்திரம் மறப்பதில்லை. சாதாரணச் சிப்பாய் ஒருவரை இங்கு நினைவுகூர்வோம்.

ஹாரி பேட்ச் 1898-ல் இங்கிலாந்தில், பாத் நகரையடுத்த சிற்றூரில் பிறந்தார்; குழாய் வேலை பழகினார். 1916-ல் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டு, மறு ஆண்டு பெல்ஜியத்தில் பாஷெண்டேல் போர்முனையில் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் பணியாற்றினார். ஒருநாள் ஜெர்மானியச் சிப்பாய் ஒருவன் அவரை நோக்கிப் பாய்ந்து வந்தான். மோயீசன் பெற்ற பத்துக் கட்டளைகள் அவர் நினைவுக்கு வந்தன. கொல்ல மனமின்றித் தோளிலும் காலிலும் மட்டுமே சுட்டார். 1917 செப்டம்பர் 22-ல் குண்டு வெடித்துத் தோழர் மூவர் மாண்டனர், அவரும் காயமுற்றார்.

ஊர் திரும்பியவர் பழைய தொழிலையே மேற்கொண்டார். நூறு வயதுவரை போரைப் பற்றி வாய் திறக்கவில்லை. செப்டம்பர் 22-ஐயே தம் நினைவுநாளாகக் கருதினார். 2004-ல், அன்று எதிரணியில் போரிட்ட முதியவரை நட்போடு சந்தித்தார். 2009-ல், 111-ம் வயதில் காலமானார்.

போர்க்களத்திலும் மனச்சாட்சிக்குச் செவிசாய்த்த இவ்வெளியவரின் வாழ்வு நம் இளைஞர்களுக்கு நற்பாடமாகும்.