மகப்பேற்றுப் பெட்டி (பின்லாந்து)

மகப்பேற்றுப் பெட்டி என்பது பின்லாந்து அரசு கருவுற்ற தாய்மாருக்கு இலவசமாக வழங்கும், குழந்தை ஆடைகளும் பராமரிப்புப் பொருட்களும் அடங்கிய அட்டைப் பெட்டி ஆகும். பின்னிய மொழியில் இது ஐத்தியஸ்பக்கௌஸ் எனப்படுகிறது. அந்நாட்டின் சமூகக் காப்பு நிறுவனமான கேலா இதனை வழங்குகிறது. பெட்டியை விரும்பாதோர் அதற்கு மாற்றாக ஒரு குறிப்பிட்ட தொகையைப் பணமாகப் பெறலாம்.

வரலாறு

1930களில் பின்லாந்து வறிய நாடாக இருந்தது. பிறப்பு வீதம் குறைந்திருந்தது. 1938 இல் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 65 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன. இந்நிலையில் மகப்பேற்று உதவிச் சட்டம் 1937 இல் இயற்றப்பட்டது. 1938 முதல் வருமானம் குறைந்த தாய்மாருக்கு உதவி வழங்கப்பட்டது. 1949 இல் வருமான வரம்பு நீக்கப்பட்டு, அனைத்துத் தாய்மாரும் தகுதி பெற்றனர்.

நிபந்தனை

உதவியைப் பெற, தாய் கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரிடமோ நெயுவோலா எனப்படும் தாய்சேய் நல நிலையத்திலோ பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இந்நிபந்தனையே இத்திட்டத்தின் மையக்கூறு ஆகும். பெட்டியை நாடி வரும் தாய், கருவுற்ற தொடக்கத்திலேயே மருத்துவக் கண்காணிப்பின் கீழ் வந்துவிடுகிறார்.

நெயுவோலா என்பதற்கு அறிவுரை பெறும் இடம் என்று பொருள். இத்தகைய முதல் நிலையம் குழந்தை மருத்துவர் ஆர்வோ இல்ப்போவின் முயற்சியால் 1922 இல் எல்சிங்கியில் தொடங்கப்பட்டது. 1944 ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை நடத்துவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது.

உள்ளடக்கம்

தொடக்கத்தில் தாய்மார் தாமே ஆடை தைத்துக்கொள்வதற்கான துணி வழங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது துணி படைத்துறைக்குத் தேவைப்பட்டதால், காகித விரிப்புகளும் பெட்டியில் இடம்பெற்றன. 1950களில் ஆயத்த ஆடைகள் பெருகின. 1968 இல் உறங்கு பை சேர்க்கப்பட்டது. தாய்ப்பாலூட்டலை ஊக்குவிக்கும் பொருட்டுப் பால்புட்டி பின்னர் நீக்கப்பட்டது. அடியில் சிறு மெத்தை இருப்பதால், பெட்டியையே குழந்தையின் முதல் தொட்டிலாகப் பயன்படுத்தலாம்.

தாக்கம்

இன்று பின்லாந்தின் குழந்தை இறப்பு வீதம் உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்றாகும். எனினும் இதனைப் பெட்டியின் பயனாக மட்டும் கொள்ள இயலாது. தாய்சேய் நல நிலையங்கள், தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம், வாழ்க்கைத்தர உயர்வு ஆகியவையும் இதற்குக் காரணங்களாகும். இசுக்காட்லாந்து 2017 இல் இதையொத்த திட்டத்தை நாடு முழுவதும் தொடங்கியது. பரிசோதனையுடன் இணைக்காமல் பெட்டியை மட்டும் வழங்கும் திட்டங்களிலிருந்து பின்லாந்தின் விளைவுகளை அப்படியே எதிர்பார்க்க இயலாது.