வீட்டு வாசலைத் தாண்டாத எண்

வைஃபை பிரிண்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியிலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், இரண்டிரண்டாகப் பிரித்த பன்னிரண்டு குறிகள் பெரும்பாலும் இருக்கும். அதுதான் மேக் முகவரி. கருவி கடைக்கு வருவதற்கு முன்பே தொழிற்சாலையில் பதித்துவிட்ட எண்.

இதன் பூர்வீகம் கலிஃபோர்னியா. 1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட் உருவாகத் தொடங்கியபோது, முகவரிக்கு எட்டு பிட் போதுமானதாக இருந்தது. ஒரு கட்டடத்துக்கு 256 எண்கள் தாராளம். 1980-ல் டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து ஈதர்நெட்டைப் பொதுத் தரமாக வெளியிட்டபோது முகவரி 48 பிட்டாக வளர்ந்தது. இப்போது கணக்கு சுமார் 281 லட்சம் கோடி. முதல் பாதியை ஐ.இ.இ.இ. அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்கும். மறுபாதியைத் தயாரிப்பாளர் கருவிக்குக் கருவி மாற்றிப் போடுவார். அதனால் முதல் ஆறு குறிகளைப் பார்த்தே எந்தக் கம்பெனிச் சரக்கு என்று சொல்லிவிடலாம்.

வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் பிரிண்டருக்கு இன்னொரு எண்ணும் கிடைக்கிறது. டிஎச்சிபி முறையில் ரவுட்டர் கொடுக்கும் ஐபி முகவரி, 192.168.1.7 என்று வைத்துக்கொள்வோம். இது வாடகை எண். கெடு முடிந்தால் கை மாறலாம். பக்கத்து வீட்டிலும் இதே எண் இருக்கலாம்; இரண்டும் மோதிக்கொள்ளாது.

லேப்டாப்பில் பிரிண்ட் கொடுக்கும்போது அதற்குத் தெரிந்தது ஐபி மட்டும். தகவலைக் கொண்டுசேர்க்க மேக் வேண்டும். இதற்கு 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் வழி எழுதிவைத்தார். ஏஆர்பி என்று பெயர். வழி எளிது: எல்லோரையும் கேட்டுவிடுவது. 'யார் 192.168.1.7? எனக்குச் சொல்' என்ற கேள்வி 28 பைட்டுகளில் அடங்கிவிடும். பெறுநர் இடத்தில் பன்னிரண்டு எஃப் வரிசையாக நிற்கும். அனைவருக்கும் என்று பொருள். டிவி, கேமரா, போன் எல்லாம் கேட்கும். பிரிண்டர் மட்டும் தன் மேக் முகவரியைப் பதிலாகச் சொல்லும்.

அந்தப் பதிலை லேப்டாப் கொஞ்ச நேரம் குறித்துவைத்திருக்கும். 'ஏஆர்பி -ஏ' என்ற கட்டளை அந்தக் குறிப்பைத்தான் காட்டுகிறது. ஆனால் அண்மையில் பேசிய கருவிகள் மட்டுமே அதில் இருக்கும். வீட்டு வைஃபையில் உள்ள கருவிகளின் முழுப் பட்டியல் வேண்டுமென்றால் ரவுட்டரின் பக்கத்தைத் திறக்க வேண்டும். அல்லது ஐபியின் கடைசிப் பகுதியில் 1 முதல் 254 வரை ஒவ்வொரு எண்ணாக விசாரிக்கும் ஸ்கேனர் ஆப் வேண்டும். 'இருக்கிறாயா?' என்று கேட்கும் பிங்குக்கு வாய் திறக்காத கருவிகூட ஏஆர்பிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அதற்கு எதுவும் வந்துசேராது.

ரவுட்டரோடு மேக் முகவரியின் பயணம் முடிகிறது. இணையத்துக்குப் போகும் தகவலில் ரவுட்டர் தன் எண்ணைப் போட்டே அனுப்பும்.

வீட்டு வாசலைத் தாண்டாது என்பதற்குப் போன்தான் விதிவிலக்கு. அது எண்ணைச் சட்டைப்பையில் வைத்து ஊரெல்லாம் சுமந்தது. வைஃபை தேடும்போதெல்லாம் அதை ஒலிபரப்பியதால், அதே ஆள் மறுபடி வந்திருக்கிறார் என்று கடைகள் கண்டுகொள்ள முடிந்தது. இதைத் தடுக்க, ஆண்ட்ராய்டு 10-ம் (2019) ஐஓஎஸ் 14-ம் (2020) ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைவு எண்ணைக் காட்டும் வசதியோடு வந்தன.

இதனால் வீட்டுப் பட்டியலில் புதுக் குழப்பம்: கம்பெனி பெயரே இல்லாத கருவிகள். பக்கத்து வீட்டார் திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டார்கள் என்று பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன், மேக் முகவரியின் இரண்டாவது குறியைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றென்றால் தொழிற்சாலை எண் அல்ல. வீட்டாரின் போனாகவே இருக்கலாம். போனின் வைஃபை செட்டிங்ஸில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.