நிப்பர் உட்கார்ந்த கதை

எங்கள் வீட்டு நாயைப் போட்டோ எடுக்க முயன்று, வால் மட்டும் விழுந்த படங்களாகவே சேர்த்திருக்கிறேன். காமிராவைக் கண்டதும் அதற்குக் காதைச் சொறிந்தே தீரவேண்டும்! பழைய கிராமபோன் பிளேட்டில், குழலுக்கு முன் தலையைச் சாய்த்து ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நாயைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அதன் பெயர் நிப்பர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் 1884-ல் பிறந்தது. வருகிறவர்களின் காலைக் கவ்வியதால் வந்த பெயர். எஜமானர் மார்க் பராட் 1887-ல் காலமாகிவிடவே, அவருடைய சகோதரர் பிரான்ஸிஸ் அதை வளர்த்தார். அவர் சித்திரக்காரர்.

படத்துக்கு ‘எஜமானரின் குரல்’ என்று பெயர் அல்லவா? குழலில் கேட்பது மாண்டுபோன மார்க்கின் குரல்தான் என்று சொல்வதுண்டு. கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால், மெழுகு உருளையில் பாடும் யந்திரம் கடைக்கு வந்ததே மார்க் போன பிறகுதான்.

நடந்தது வேறு. நிப்பர் 1895-ல் செத்துப்போயிற்று. பிரான்ஸிஸ் படம் எழுத உட்கார்ந்தது மூன்று வருஷம் கழித்து. எதிரே நாயே இல்லை! யந்திரத்தின் முன் அது ஒரு காலத்தில் விழித்த விழிப்பை நினைவிலிருந்து தீட்டினார்.

1899-ல் கிராமபோன் கம்பெனி 100 பவுன் கொடுத்தது. உருளை யந்திரத்தை மறைத்துத் தங்கள் தட்டு யந்திரத்தை எழுதித் தரவேண்டும் என்பது நிபந்தனை. நாயை மட்டும் யாரும் திருத்தச் சொல்லவில்லை.

பிற்பாடு அவரிடமே 24 பிரதிகள் எழுதி வாங்கினார்கள். 1924-ல் அவர் கண்ணை மூடும் வரையில், நிப்பர் அதே மாதிரி தலையைச் சாய்த்து உட்கார்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தது.