பகல்நேர அறுவைச் சிகிச்சைச் செவிலியம்

பகல்நேர அறுவைச் சிகிச்சைச் செவிலியம் என்பது அறுவை முடிந்த அன்றே வீடு திரும்பும் நோயாளிகளுக்கான செவிலியர் பராமரிப்பு. அறுவைச் சிகிச்சைச் செவிலியத்தின் ஒரு பிரிவான இது கண்புரை, குடலிறக்கம், விருத்தசேதனம் போன்ற சிகிச்சைகளில் பெரிதும் பயன்படுகிறது.

அறுவைக்கு முன் நோயாளியின் பெயர், ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், அறுவை செய்யவேண்டிய பக்கம் ஆகியவற்றைச் செவிலியர் சரிபார்க்கிறார். மயக்க மருந்துக்கு முன் லேசான திட உணவை 6 மணி நேரமும் தெளிந்த நீர்மங்களை 2 மணி நேரமும் தவிர்ப்பது பொது விதி. பால் திட உணவாகவே கணக்கிடப்படுவதால், காலையில் குடித்த பால் காபியும் அறுவையைத் தள்ளிப்போடக் காரணமாகலாம்.

மயக்கம் தெளிவதை அளக்க 1970-இல் வெளியான ஆல்ட்ரெட் மதிப்பீடு உதவுகிறது. அசைவு, மூச்சு, இரத்த ஓட்டம், உணர்வு, நிறம் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை புள்ளிகள். மொத்தம் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் மீட்பறையிலிருந்து மாற்றலாம். நிறத்துக்குப் பதில் ஆக்சிஜன் செறிவைக் கொள்வது பின்னாளைய திருத்தம். வீட்டுக்கு அனுப்புவது வேறு முடிவு: வலி, குமட்டல், இரத்தக் கசிவு, நடை ஆகியவற்றைப் பார்த்தே அது எடுக்கப்படுகிறது. முழு மயக்கம் பெற்றவருடன் பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும். நோயாளி 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது.

கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜேம்ஸ் நிக்கோல், குழந்தைகளுக்கு வெளிநோயாளிகளாகச் செய்த 8,988 அறுவைகளை 1909-இல் பதிவுசெய்தார். வீடு தேடிச் சென்று கவனித்த செவிலியர்கள் அம்முறையின் இன்றியமையாத பகுதி. 1970-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வாலஸ் ரீடும் ஜான் ஃபோர்டும் தனி அறுவை மையம் தொடங்கினர்.